எழுத்து இருந்த இடமும் இல்லாத இடமும்: பண்டைக் காலத்தில் கற்றதும் கற்பித்ததும்

வத்தலக்குண்டிலிருந்து மலையேறித் தாண்டிக்குடிப் பக்கம் போகிறவர்கள், காப்பித் தோட்டங்களை ஒட்டிய பாறை மேடுகளில் கற்திட்டைகளைப் பார்த்திருப்பார்கள். பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக ஏற்றி, இரும்புக் காலத்து மக்கள் இறந்தோருக்காக எழுப்பிய சின்னங்கள் அவை. அவற்றில் எழுதி வைத்த வரி எதுவும் கிடையாது. அதே பழனி மலைத் தொடரின் அடிவாரத்தில், பழனியிலிருந்து தென்மேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவிலுள்ள பொருந்தலில், பேராசிரியர் கா. ராஜன் தலைமையிலான குழுவினர் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபோது, ஓர் ஈமக்குழியில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல்லும், தமிழ் பிராமியில் ‘வய்ர’ என்று கீறப்பட்ட கலத்தாங்கி ஒன்றும் கிடைத்தன. ஆய்வகக் கணிப்பு அந்த நெல்லுக்குக் கி.மு. 490 என்ற காலத்தைத் தந்தது. ஒரே ஒரு காலக்கணிப்பை வைத்து எழுத்தின் தொன்மையை முடிவு செய்ய முடியாது என்று தயங்கிய அறிஞர்களும் உண்டு. ஆனாலும் இந்த மலைகளின் அடிவாரத்தில் வாழ்ந்தவர்களிடையே எழுத்துக் கற்ற கை ஒன்று இருந்தது என்பதில் ஐயமில்லை.

மலைமேல் எழுத்தில்லாக் கல்லும் அடிவாரத்தில் எழுத்துள்ள மண்கலமும் இருப்பதால், பண்டைக் காலக் கல்வியைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் நமக்குக் கிடைக்காது. பழங்காலக் கல்வி என்றவுடன் மரத்தடி, தாடி வைத்த குரு, எதிரே சம்மணமிட்ட சீடர்கள் என்ற படம்தான் பெரும்பாலோர் மனத்தில் எழுகிறது. உலகத்தின் பழைய நாகரிகங்கள் ஒவ்வொன்றும் விட்டுச் சென்ற சான்றுகளைப் பார்த்தால் அந்தப் படம் மிகவும் சிறியது என்று தெரியும். அறிந்தவரிடமிருந்து அறியாதவருக்கு ஒன்றைக் கடத்துவதுதான் கல்வி என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதை எதன் வழியாகக் கடத்தினார்கள், களிமண் வழியாகவா, குரல் வழியாகவா, கைப்பழக்கம் வழியாகவா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பாடம் என்ன, பாடம் படிப்பவர் யார், தவறை எப்படித் திருத்துவது என்பவையெல்லாம் பெரிதும் அதைப் பொறுத்தே அமைந்தன.

களிமண்ணிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் சான்றுகள் அங்கேதான் கொட்டிக் கிடக்கின்றன. இன்றைய இராக்கின் தென்பகுதியில் நிப்பூர் என்ற பழைய நகரம் இருக்கிறது. அங்கே 1951–52இல் அகழ்ந்தவர்கள் சாதாரண வீடு ஒன்றைக் கண்டார்கள். முற்றமும் சில சிறிய அறைகளும் கொண்ட அந்த வீட்டிலிருந்து, முழுதும் உடைந்ததுமாக ஏறத்தாழ 1,400 களிமண் பலகைகள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பாலானவை கி.மு. 18ஆம் நூற்றாண்டு மாணவர்களின் பாடப் பயிற்சிகள். பயிற்சி முடிந்த பலகைகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து புதிய பலகைகள் செய்ய அங்கேயே தொட்டி இருந்தது. மிஞ்சிய பலகைகளைச் சுவரிலும் தரையிலும் கட்டுமானப் பொருளாகவே போட்டுவிட்டார்கள். அந்தச் சிக்கனத்தால்தான் அவை நம் கைக்கு வந்தன. ‘எடுப்பா’ என்று சுமேரியர் அழைத்த பள்ளி, நாம் கற்பனை செய்யும் பெரிய அரசுக் கட்டடம் அன்று; எழுத்தர் ஒருவர் தம் வீட்டிலேயே சில பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த இடம் என்றுதான் இந்த வீடு காட்டுகிறது.

அங்கே ஒரு பிள்ளை எந்த வரிசையில் படித்தான் என்பதைப் பலகைகளை வைத்தே சொல்லிவிட முடிகிறது. முதலில் நாணல் குச்சியால் ஈரக் களிமண்ணில் நிற்கும் கோடு, கிடக்கும் கோடு, சாய்ந்த கோடு ஆகிய ஆப்பு வடிவங்களை அழுத்திப் பழகுவான். பிறகு ‘து-த-தி, நு-ந-நி, பு-ப-பி’ என்று ஒரே மெய்யின்மேல் உயிர்கள் மாறி மாறி ஏறும் அசை வரிசை வரும். ‘க, கா, கி, கீ’ சொல்லி வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. அதன்பின் ஆள்பெயர்ப் பட்டியல், அதன்பின் மரங்களும் மரச்சாமான்களும், நாணல் பொருட்கள், மட்பாண்டங்கள், விலங்குகள், கற்கள் என்று ஆயிரக்கணக்கான சொற்களின் நீண்ட பட்டியல்கள். பிறகு வாய்ப்பாடுகள், மாதிரி ஒப்பந்தங்கள், பழமொழிகள், கடைசியில் இலக்கியம். இத்தனையும் சுமேரிய மொழியில் நடந்தது. ஆனால் வீட்டிலும் தெருவிலும் அந்தப் பிள்ளைகள் பேசியது அக்காடிய மொழி. பேச்சில் வழக்கொழிந்துவிட்ட மொழியில்தான் பாடம் முழுவதும்.

பயிற்சிப் பலகைகளில் ஒருவகை தனியாகக் கவனிக்கத் தக்கது. பலகையின் இடப்பாதியில் ஆசிரியர் திருத்தமான கையெழுத்தில் மாதிரியை எழுதியிருப்பார். வலப்பாதியில் மாணவன் அதைப் பார்த்து எழுதுவான், அழிப்பான், மீண்டும் எழுதுவான். ஈரக் களிமண்ணைத் திரும்பத் திரும்பத் தேய்த்து அழித்ததால் வலப்பக்கம் மட்டும் மெலிந்து போயிருக்கிறது. பலகையைத் திருப்பினால் மறுபக்கத்தில் அவன் முன்பே படித்து மனப்பாடம் செய்த நீண்ட பகுதி ஒன்று நினைவிலிருந்து எழுதப்பட்டிருக்கும். ஒரு பக்கம் புதுப்பாடம், மறுபக்கம் பழைய பாடத்தின் மீள்பார்வை என்று முறையாகத் திட்டமிட்ட கற்பித்தல் அது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளை எத்தனை முறை அழித்து எழுதினான் என்பதன் தடம் பலகையின் தடிமனிலேயே தங்கிவிட்டது.

கணக்குப் பாடத்தின் தரத்தை அறிய, யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் உள்ளங்கை அளவு வட்டப் பலகை ஒன்றைப் பார்த்தால் போதும். அதில் ஒரு சதுரமும் இரண்டு மூலைவிட்டங்களும் கோடாக இழுக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தின் மேல் 30 என்ற எண். மூலைவிட்டத்தின் மேல் 1, 24, 51, 10 என்ற எண்வரிசை. அந்த நிலத்தில் வாழ்ந்த பாபிலோனியர் 60ஐ அடிப்படையாகக் கொண்டு எண்ணியவர்கள். நம் மணி, நிமிடக் கணக்கு அங்கிருந்து வந்ததே. எனவே அந்த வரிசையை 1 + 24/60 + 51/3600 + 10/216000 என்று படிக்க வேண்டும். கூட்டினால் 1.414213 வரும். அதுதான் 2இன் வர்க்கமூலம். பிழை பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அந்தப் பலகையை எழுதிய பிள்ளை இதைக் கண்டுபிடிக்கவில்லை. வாய்ப்பாட்டுப் பட்டியலிலிருந்து எடுத்து 30ஆல் பெருக்கி மூலைவிட்டத்தின் நீளத்தைக் கண்டான் என்பதே ஆய்வாளர்களின் கருத்து, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. கண்டுபிடிப்பைவிட, கண்டுபிடித்ததை ஒரு மாணவன் கையாளும் அளவுக்குப் பட்டியலாக்கி வைத்திருந்ததுதான் அந்தப் பள்ளியின் சாதனை.

கற்பித்தலின் இன்னொரு முகத்தையும் சுமேரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பள்ளி நாள் ஒன்றை வருணிக்கும் பாடப்பகுதியில், அம்மா கொடுத்த ரொட்டியை எடுத்துக்கொண்டு ஓடும் பையன், தாமதமாக வந்ததற்கும், கேட்காமல் பேசியதற்கும், எழுந்து நின்றதற்கும், கையெழுத்து சரியில்லாததற்கும், சுமேரிய மொழியில் பேசாததற்கும் அடிமேல் அடி வாங்குகிறான். கடைசியில் தன் தந்தையிடம் சொல்லி ஆசிரியரை வீட்டுக்கு அழைக்கச் செய்கிறான். விருந்து, புத்தாடை, மோதிரம் எல்லாம் கிடைத்ததும் ஆசிரியரின் வாயிலிருந்து புகழ்மாரி பொழிகிறது. வேடிக்கை என்னவென்றால், இதையும் மாணவர்கள் பயிற்சிப் பாடமாகப் பார்த்து எழுத வேண்டியிருந்தது. இந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டு ஆண்பிள்ளைகள். சிப்பார் நகரத்தில் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்கள் வாழ்ந்த தனிக்குடியிருப்பில் பெண் எழுத்தர்களும் இருந்தார்கள்.

எகிப்திலும் முறை ஏறக்குறைய இதுவே, பொருள்தான் வேறு. பாப்பிரஸ் தாள் விலை உயர்ந்தது என்பதால் பிள்ளைகள் உடைந்த பானை ஓட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் வெள்ளை பூசிய மரப்பலகையிலும் மை தொட்டு எழுதினார்கள். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் வாழ்ந்த தேர் எல்-மதீனா என்ற ஊரில் இத்தகைய சில்லுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. கோயில் சுவர்களில் நாம் காணும் படவெழுத்தை அவர்கள் முதலில் படிக்கவில்லை. வேகமாக எழுதும் கோட்டெழுத்தைத்தான் முதலில் பழகினார்கள். மிகவும் விரும்பிப் படியெடுக்கப்பட்ட பாடம் ஒன்றில், தந்தை தன் மகனைப் படகில் ஏற்றிப் பள்ளிக்கு அழைத்துப் போகும் வழியில் குயவன், வண்ணான், மீனவன் என ஒவ்வொரு தொழிலாகக் கேலி செய்து, எழுத்தர் வேலையே மேல் என்கிறார். எழுத்தறிந்தவர்களே எழுதிய பாடம் வேறு எப்படி இருக்கும்! இந்தப் பாடத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இருந்தும், பொருள் புரியாமல் எழுதிய பிள்ளைகளின் பிழைகள் மண்டிக் கிடப்பதால் மூலத்தைத் தேர்ந்தெடுக்க அறிஞர்கள் திணறுகிறார்கள். பார்த்தெழுதும் கல்வியின் பலவீனம் இதில் தெளிவாகவே தெரிகிறது: கை ஓடும்போது கருத்து ஓட வேண்டும் என்ற கட்டாயமில்லை.

பிழையே நுழையாதபடி கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு, எழுத்தைத் தொடாமலே விடை கண்டவர்கள் வேதம் ஓதியவர்கள். சங்கப் பாடல் ஒன்று வேதத்தை ‘எழுதாக் கற்பு’ என்றே குறிப்பிடுகிறது. குரு சொல்ல, சீடர் திருப்பிச் சொல்வது அடிப்படை. ஆனால் அதன்மேல் அவர்கள் கட்டிய பாதுகாப்பு வியக்கத்தக்கது. ‘மலை மேல் மழை பெய்தது’ என்ற வரியை எடுத்துக்கொள்வோம். முதலில் சொற்களைத் தனித்தனியே பிரித்து ஓதுவது பத பாடம். அடுத்து, ‘மலை மேல், மேல் மழை, மழை பெய்தது’ என்று இரண்டிரண்டாகக் கோத்து ஓதுவது கிரம பாடம். ‘மலை மேல், மேல் மலை, மலை மேல், மேல் மழை, மழை மேல், மேல் மழை’ என்று முன்னும் பின்னுமாகப் பின்னி ஓதுவது ஜடா பாடம். ‘மலை மேல், மேல் மலை, மலை மேல் மழை, மழை மேல் மலை, மலை மேல் மழை’ என்று மூன்று சொற்கள் வரை நீட்டிச் செல்வது கன பாடம். உரக்கச் சொல்லிப் பார்த்தால் இதன் பயன் விளங்கும். ஒரு சொல்லை மறந்தாலோ இடம் மாற்றினாலோ பின்னலில் எங்காவது ஓரிடத்தில் முரண் தட்டும்; ஒவ்வொரு சொல்லும் தன் அண்டைச் சொற்களோடு பலமுறை பிணைக்கப்பட்டிருப்பதால், பிழை தனியாக ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

ஆனால் இந்த முறைக்கு ஒரு விலையும் இருந்தது. பல ஆண்டுகள் முழுநேரமும் ஓதுவதற்கு ஒதுக்க முடிந்தவர்களுக்கே அது எட்டும். பிறப்பின் அடிப்படையிலும் பாலின் அடிப்படையிலும் பெரும்பாலோருக்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. களிமண் பலகை தவறுதலாகவேனும் இன்னொருவர் கைக்குப் போய்ச் சேரலாம். குரலில் மட்டும் வாழும் பாடம், உரியவர் வாய் திறந்தாலொழிய வெளியே வராது.

கிரேக்கரும் ரோமானியரும் மெழுகு பூசிய மரப்பலகையில் கூர்முனைக் கோலால் எழுதிப் பழகினார்கள். கோலின் தட்டையான மறுமுனையால் தேய்த்தால் எழுத்து அழிந்துவிடும். வசதியுள்ள வீடுகளில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க் காத்திருந்து கூட்டி வருவது ஓர் அடிமையின் வேலையாக இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய குவின்டிலியன் என்ற ரோமானிய ஆசிரியர், தந்தத்தில் செய்த எழுத்துகளைக் குழந்தைகளின் கையில் விளையாடக் கொடுக்கலாம் என்றார். மாணவர்களை அடிக்கும் வழக்கத்தை வெளிப்படையாகவே கண்டித்தார். சுமேரியப் பையன் அதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பான். சீனத்தில் கி.மு. 124இல் பேரரசர் வூ ஆட்சியில் தலைநகரிலேயே உயர்கல்விக் கூடம் ஒன்று நிறுவப்பட்டு, கன்ஃபூசிய நூல்களைக் கற்றுத் தேர்ந்தவர்கள் அரசுப் பணிக்கு எடுக்கப்பட்டார்கள். படிப்புக்கும் அரசு வேலைக்கும் இடையிலான நெடுங்கால உறவுக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம்.

தமிழ் நிலத்துக்குத் திரும்பினால், சான்றின் இயல்பே மாறிவிடுகிறது. இங்கே நிப்பூர் போல் பயிற்சிப் பலகைக் குவியல் இல்லை. பனையோலை நம் வெப்பத்திலும் ஈரத்திலும் கரையானிலும் நீடித்து நிற்பதில்லை. மாறாக, பொருந்தல், கொடுமணல், கீழடி போன்ற ஊர்களில் சாதாரண மண்கலங்களின்மேல் கீறிய ஆள்பெயர்கள் கிடைக்கின்றன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த அந்தவன் என்பவனைப் பற்றித் தமிழ் பிராமியில் பேசுகிறது. மாடு மேய்க்கும் ஊரில் நட்ட கல்லில் எழுத்து இருக்கிறது என்றால், அதைப் படிக்க வல்லவர் அங்கே சிலரேனும் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தே அதைப் பொறித்திருக்க வேண்டும். எழுத்து அரண்மனைக்குள் மட்டும் அடைபட்டிருக்கவில்லை என்று இதிலிருந்து கொள்வது மிகையாகாது.

சங்கப் புலவர்களின் பெயர்களும் இதையே வலியுறுத்துகின்றன. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் ஓர் ஆசிரியரின் மகன். மதுரை இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார் சிறுபிள்ளைகளுக்குக் கற்பித்தவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வணிகர். குறமகள் இளவெயினியோ மலைக்குறவர் குடியைச் சேர்ந்த பெண். ஆசிரியர், வணிகர், குறத்தி எனப் பலரும் ஒரே யாப்பில், ஒரே திணை மரபில் பாடுகிறார்கள் என்றால், அந்த மரபைக் கற்றுக்கொள்ளும் வழி அவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் திறந்திருந்தது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே என்ன கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பதைப் புறநானூற்றின் 183ஆம் பாடலில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் சொல்கிறான்: ‘உற்றுழி உதவியும் உறுபொருள் கொடுத்தும் பிற்றைநிலை முனியாது கற்றல் நன்றே.’ ஆசிரியருக்கு இடர் வந்தால் உதவ வேண்டும், பொருள் தர வேண்டும், பின்னால் நிற்பதை வெறுக்காமல் கற்க வேண்டும். சொல்பவன் பாண்டிய மன்னன் என்பதால், பின்னால் நிற்பது என்ற கடைசி நிபந்தனைக்குத் தனி எடை உண்டு.

இதுவரை சொன்ன அனைத்தும் சிறுபான்மையினரின் கல்வி. பண்டை உலகில் பெரும்பாலான மக்கள் எழுத்தறியாதவர்கள். ஆயினும் உழவு, நெசவு, வார்ப்பு, வைத்தியம், கட்டடம் எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டே வந்தன. தாண்டிக்குடியின் கற்திட்டையைக் கட்டியவர், எந்தப் பாறை பலகையாகப் பிளக்கும், எங்கே அடித்தால் கோணாமல் பிளக்கும், நிறுத்திய கற்கள் மூடியின் கனத்தைத் தாங்க எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதை ஒருவரிடம் கற்றே ஆக வேண்டும். ஏட்டில் அது ஏறவில்லை என்பதற்காக அது கல்வி ஆகாமல் போய்விடாது. இத்தகைய கற்பித்தல் எப்படி இயங்கும் என்பதற்கு நீலகிரியில் தோடர் பெண்களின் பூத்தையலைப் பார்க்கலாம். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கருப்புமாகத் தைக்கும் அந்த வேலையில் வடிவத்தை முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி நகர்கிறது. தாயின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் செய்தும் பிரித்தும் மகள் பழகுகிறாள். இன்று வாழும் ஒரு மக்களைப் பழங்காலத்து மனிதர்களாகப் பார்ப்பது பெரிய தவறு. வாய்பாடோ வரைபடமோ இல்லாமல் நுட்பமான கணக்கு கைமாறுவது நடக்கக்கூடியதே என்பதற்காக மட்டும் அதைச் சொல்கிறேன்.

கைத்தொழில் கற்பித்தலைப் பற்றி எழுத்துச் சான்று அறவே இல்லை என்று நினைக்க வேண்டாம். சட்டமும் ஒப்பந்தமும் அதைப் பதிவு செய்திருக்கின்றன. கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டத்தில், கைவினைஞர் ஒருவர் பிள்ளையை எடுத்து வளர்த்துத் தம் தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டால் அந்தப் பிள்ளையை யாரும் திருப்பிக் கேட்க முடியாது, கற்றுக்கொடுக்காவிட்டால் பிள்ளை தன் தந்தை வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று இருக்கிறது. தொழிலைக் கற்பிப்பதே உரிமைக்கு அடிப்படை.

எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் நகரத்துக் குப்பைமேடுகளிலிருந்து கிடைத்த பாப்பிரஸ் ஒன்று இன்னும் விவரமானது. கி.பி. 66இல் திரிஃபோன் என்பவர் தம் மகனை ஓர் ஆண்டுக்கு நெசவு கற்க விடுகிறார். கற்பிக்க ஒப்புக்கொண்ட நெசவாளர் தொலெமாயோஸுக்கு எழுதத் தெரியாது. அவருக்காக வேறொருவர் கையெழுத்திட்டதாகத் தாளிலேயே குறிப்பு இருக்கிறது. பையனுக்குச் சோறும் துணியும் தந்தையின் பொறுப்பு. அதற்காக நெசவாளர் மாதம் 5 திராக்மாவும், ஆண்டு முடிவில் துணிக்கென்று 12 திராக்மாவும் தர வேண்டும். பையன் சோம்பலால் எத்தனை நாள் வராமல் இருக்கிறானோ, அத்தனை நாள் ஆண்டு முடிந்தபின் வந்து ஈடுசெய்ய வேண்டும். இல்லையென்றால் நாளொன்றுக்கு ஒரு திராக்மா தண்டம். பாதியில் மகனைத் திரும்ப அழைத்துக்கொண்டால் தந்தை 100 திராக்மா கொடுக்க வேண்டும், அரசுக் கருவூலத்துக்கும் அதே அளவு கட்ட வேண்டும். சுமேரியப் பள்ளிப் பாடத்தில் தண்டனை முழுவதும் மாணவனின் முதுகில் விழுந்தது. இந்த நெசவு ஒப்பந்தத்திலோ, பையனுக்குத் தொழிலை முழுமையாகக் கற்பிக்கத் தவறினால் அதே தண்டத்தொகையை ஆசிரியரான தொலெமாயோஸும் கட்ட வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது.